ரசகுல்லா இல்லாத கல்கத்தா

டாக்டர் இனிப்பை நிறுத்திவிட்டால் இந்த ஊர்க்காரர் எதைக் கொண்டு மனதைத் தேற்றிக்கொள்வார்? டிராம், படகு, திண்ணை, ரேடியோ என்று ஒரு பட்டியலே இருக்கிறது. அந்தப் பட்டியல்தான் இப்போது சுருங்கி வருகிறது.

2017 நவம்பர் 14. சென்னை கிண்டியில் உள்ள புவிசார் குறியீட்டுப் பதிவகம் 'பாங்ளார் ரசகொல்லா'வுக்குச் சான்று கொடுத்தது. ரசகுல்லா யாருடையது என்று ஒடிசாவோடு நடந்த சண்டையில் மேற்கு வங்கத்துக்குக் கிடைத்த வெற்றி அது. (ஒடிசாவும் சும்மா இருக்கவில்லை, 2019 இல் தன் ரசகோலாவுக்குத் தனியாக ஒரு சான்று வாங்கிக்கொண்டது.) வெற்றிக் களிப்பில் கல்கத்தாவில் யாரும் காலண்டரைக் கவனித்ததாகத் தெரியவில்லை. நவம்பர் 14 உலக நீரிழிவு தினம். அடுத்த வருஷத்திலிருந்து மாநில அரசே அந்தத் தேதியை ரசகொல்லா தினமாகக் கொண்டாடத் தொடங்கியது.

2001 இலிருந்து அதிகாரபூர்வமாக கொல்கத்தா, தமிழர்கள் வாயில் இன்னமும் கல்கத்தா. இந்த ஊரில் இனிப்பு என்பது சாப்பாட்டின் கடைசியில் வரும் சமாசாரம் மட்டும் அல்ல. பையன் பரீட்சையில் தேறினால் இனிப்பு, பெண் பார்க்க வந்தால் இனிப்பு, மருமகன் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் இனிப்பு. திவசத்துக்கு வந்தவர்களையும் இனிப்பு கொடுக்காமல் அனுப்புவதில்லை. 'மிஷ்டி முக்', அதாவது வாயை இனிப்பாக்கிக் கொள்வது, இங்கே மரியாதையின் முதல் படி. வேண்டாம் என்று தட்டை ஒதுக்குகிறவரைப் பார்த்து வீட்டுக்காரர் முகம் வாடிப்போகும். 1965 இல் பால் தட்டுப்பாடு வந்தபோது முதலமைச்சர் பிரபுல்ல சந்திர சென் பால்திரட்டில் செய்யும் இனிப்புகளுக்குத் தடை போட்டார். 1967 தேர்தலில் அவர் தோற்றார். அரிசிப் பஞ்சமும் அரசியல் கூட்டணிகளும்தான் பெரிய காரணங்கள். ஆனாலும் சந்தேஷில் கைவைத்ததுதான் காரணம் என்று சொல்லும் பெரியவர்கள் வடக்குக் கல்கத்தாவில் உண்டு.

இப்படிப்பட்ட ஊரில்தான் ஐம்பதைத் தாண்டிய ஒருவர் ரத்தப் பரிசோதனைச் சீட்டோடு டாக்டரின் முன்னால் உட்கார்கிறார். அவர் தனி ஆள் இல்லை. சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து நடத்தி 2023 இல் வெளியிட்ட ஆய்வின்படி இந்தியாவில் நீரிழிவு உள்ளவர்கள் 10.1 கோடி. இனிப்பை நிறுத்தச் சொல்வது டாக்டருக்கு ஒரு வரி. ஐம்பது வருஷமாக சந்தோஷம், சலிப்பு, துக்கம் எல்லாவற்றுக்கும் ஒரே மருந்தாக மண்சட்டித் தயிரையும் சந்தேஷையும் நம்பி வந்தவருக்கு அது பாதி அகராதியைக் கிழித்துப் போட்ட மாதிரி. ஆபீசில் மேலதிகாரியிடம் திட்டு வாங்கிய மாலையில் இனி என்ன செய்வது? பென்ஷன் பாக்கி கைக்கு வந்தால் எப்படிக் கொண்டாடுவது?

வங்க மொழியில் 'மொன் காராப்' என்று ஒரு சொல் உண்டு. மனம் சரியில்லை என்று பொருள். இதை இங்கே யாரும் சிரித்து ஒதுக்குவதில்லை. காய்ச்சல், வயிற்றுவலி போல அதுவும் ஒரு நிலைமை. ஒரு மாலையைச் சும்மா கழிப்பதற்குப் போதுமான காரணம். மொன் காராப்புக்கு இந்த நகரம் வயிற்றைத் தொடாத வைத்தியங்களையும் நிறையவே வைத்திருக்கிறது. பெரும்பாலும் தெருவில் கிடைப்பவை. சில காசு கேட்காதவை.

முதலில் டிராம். அவசரக்காரர்கள் டிராமில் ஏறுவதில்லை. மரப்பலகை இருக்கை, கம்பி போட்ட ஜன்னல், ஓட்டுநர் காலால் மிதித்து அடிக்கும் மணி, கண்டக்டரின் தோல்பை, விரலில் ஒட்டிக்கொள்ளும் மெல்லிய டிக்கெட். முன்பெட்டி முதல் வகுப்பு, பின்பெட்டி இரண்டாம் வகுப்பு என்று இருந்த காலத்தில் இரண்டுக்கும் கட்டணத்தில் சிறிய வித்தியாசம்தான். முன்பெட்டியில் மின்விசிறி சுற்றும். மனம் சரியில்லாத மாலையில் டெப்போவில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, போய்ச் சேரும் இடத்தில் இறங்காமல் அதே வண்டியில் திரும்பி வருவது பல தலைமுறைகளாகக் கல்கத்தாவாசிகளுக்குத் தெரிந்த வைத்தியம். பஸ்ஸில் அப்படி உட்கார்ந்தால் கண்டக்டர் சந்தேகப்படுவார்.

இந்த ஊருக்கும் டிராமுக்கும் உள்ள உறவு விசித்திரமானது. 1873 பிப்ரவரி 24 அன்று சியால்தாவிலிருந்து ஆர்மீனியன் காட் வரை குதிரைகள் இழுத்துப் போன வண்டியில் தொடங்கியது. மின்சார டிராம் வந்தது 1902 இல். சென்னை அதற்கு ஏழு வருஷம் முன்பே, 1895 இல், மின்சார டிராமை ஓட்டிவிட்டது. ஆனால் 1953 ஏப்ரலில் சென்னையில் டிராம் நின்றுபோனது. ஊர் அதைச் சகித்துக்கொண்டது. அதே 1953 ஜூலையில் கல்கத்தாவில் இரண்டாம் வகுப்புக் கட்டணத்தை ஒரு பைசா உயர்த்தினார்கள். தெருவெல்லாம் போராட்டம், டிராம்களுக்குத் தீ, துப்பாக்கிச் சூடு. கடைசியில் உயர்வு கைவிடப்பட்டது. அடுத்த வருஷம் அக்டோபரில் கவிஞர் ஜீவனானந்த தாஸ் ராஷ்பிஹாரி அவென்யூ பக்கம் டிராமில் அடிபட்டு, எட்டு நாள் கழித்து ஆஸ்பத்திரியில் இறந்தார். அவ்வளவு மெதுவாகப் போகும் வண்டியில் ஒருவர் எப்படி அடிபட முடியும் என்ற கேள்வியை வங்க இலக்கிய உலகம் இன்றுவரை விடவில்லை. கோபம், துக்கம், ஆறுதல் எல்லாவற்றிலும் டிராம் இருக்கிறது.

மைதானத்தின் புல்வெளி வழியே கிதிர்பூருக்குப் போன பாதைதான் எல்லாவற்றிலும் அழகானது. இரண்டு பக்கமும் மரங்கள், தண்டவாளத்துக்கு நடுவில் புல், தூரத்தில் விக்டோரியா நினைவு மண்டபத்தின் வெள்ளைக் குமிழ். 2020 மே மாதம் அம்பான் புயல் மரங்களையும் மின்கம்பிகளையும் சாய்த்ததில் அந்தப் பாதை நின்றது. 2023 இல் டிராமின் நூற்றைம்பதாவது ஆண்டு கொண்டாடப்பட்டது. 2024 செப்டம்பரில் போக்குவரத்து அமைச்சர், மைதானப் பக்கம் பாரம்பரியச் சின்னமாக ஒரே ஒரு பாதையை வைத்துக்கொண்டு மற்றவை நிறுத்தப்படும் என்று அறிவித்தார். நகரப் பரப்பில் சாலைக்குக் கிடைப்பது 6 சதவீதம், அதில் டிராம் வேறு நடுவில் நின்றால் நெரிசல் தீராது என்பது அரசின் வாதம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஷ்யாம்பஜார் சந்திப்பில் மாலை ஆறு மணிக்கு நின்று பார்த்தவர்களுக்கு அது புரியும். ஆனால் டிராமை எடுத்த பிறகும் நெரிசல் அப்படியே இருக்கும் சாலைகள் இந்த ஊரிலேயே இருக்கின்றனவே என்று டிராம் ஆர்வலர்கள் கேட்கிறார்கள். வழக்கு உயர் நீதிமன்றம் வரை போயிருக்கிறது.

டிராம் கைவிட்டால் ஆறு. ஹௌரா ரயில் நிலையத்துக்கு எதிரே படித்துறையில் இறங்கிச் சில ரூபாய் டிக்கெட் எடுத்தால் படகு பாபு காட்டுக்கு அழைத்துப் போகும். ஏறக்குறைய பத்து நிமிஷம். தலைக்கு மேல் 1943 இல் திறந்த ஹௌரா பாலம். நட்டும் போல்ட்டும் இல்லாமல் ஆணி அறைந்தே இணைத்த இரும்பு. பாலத்தின் காலடியில் மல்லிக் காட் பூச்சந்தை, கதம்பமாகச் சாமந்தியும் சம்பங்கியும் மணக்கும். படகில் பாதிப் பேர் வேலை முடிந்து ரயில் பிடிக்கப் போகிறவர்கள். ஆனால் யாரும் பேசுவதில்லை. ரயிலில் இடத்துக்குச் சண்டை போடும் அதே ஆட்கள் இங்கே கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரையே பார்த்துக்கொண்டு நிற்பதைக் காணலாம்.

2024 மார்ச்சில் ஆற்றுக்கு அடியில் மெட்ரோ ரயில் ஓட ஆரம்பித்தது. 1984 இல் இந்தியாவின் முதல் மெட்ரோவைக் கண்ட நகரத்துக்கு இது இன்னொரு பெருமை. அரை கிலோமீட்டர் அகல நதியை ரயில் 45 விநாடியில் கடந்துவிடுகிறது. சுரங்கச் சுவரில் நீல விளக்கு போட்டு, இப்போது ஆற்றுக்கு அடியில் இருக்கிறீர்கள் என்று தெரியப்படுத்துகிறார்கள். நேரம் மிச்சம்தான், சந்தேகமில்லை. மனம் சரியில்லாதவருக்கு மட்டும் மிச்சமான அந்த ஒன்பது நிமிஷத்தை எங்கே செலவழிப்பது என்று தெரியாது.

பாபு காட்டில் இறங்கியவருக்கு இன்னொரு வசதி காத்திருக்கிறது. படித்துறையில் கடுகு எண்ணெய்ப் புட்டியோடு உட்கார்ந்திருக்கும் மாலிஷ்காரர்கள். கல்லில் துண்டை விரித்துக் குப்புறப் படுத்துக்கொண்டால் தோளிலிருந்து குதிகால் வரை உடம்பைப் பிரித்துத் திரும்பச் சேர்த்துவிடுவார்கள். மாலிஷ்காரர்களில் பெரும்பாலோர் பீகாரிலிருந்து வந்தவர்கள். முடிந்ததும் கங்கையில் ஒரு முழுக்கு. ஐந்து நட்சத்திர ஓட்டல்களில் வாசனை மெழுகுவத்தி ஏற்றி வைத்துச் செய்யும் அதே வேலை இங்கே பட்டப்பகலில், நூறு பேர் பார்க்க, ஊரார் விலைக்கு நடக்கிறது. பெண்களுக்கு இந்த வசதி இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

தெற்கே சிறிது தூரம் நடந்தால் பிரின்செப் காட். நாணயச் சாலையில் வேலை பார்த்துக்கொண்டே 1837 இல் பிராமி எழுத்தைப் படித்து அசோகனின் கல்வெட்டுகளைப் பேச வைத்த ஜேம்ஸ் பிரின்செப்பின் நினைவாகக் கட்டிய வெள்ளைத் தூண் மண்டபம். 1992 இல் வந்த இரண்டாவது ஹூக்ளி பாலம் அதன் தலைக்கு மேல் கம்பிகளை விரித்துக்கொண்டு நிற்கிறது. மாலையில் இங்கே காதலர்களும் ஓய்வுபெற்றவர்களும் ஆளுக்கு ஒரு பக்கம் பிரித்துக்கொள்கிறார்கள். பேரம் பேசத் தெரிந்தால் துடுப்புப் படகில் சூரியன் மறையும்வரை போய் வரலாம். தெரியாவிட்டால் படியிலேயே உட்கார்ந்திருக்கலாம். அதற்குப் பணம் கேட்பதில்லை.

வடக்குக் கல்கத்தாவின் பழைய வீடுகளில் வாசலை ஒட்டித் தெருவைப் பார்த்த மாதிரி சிமெண்ட் மேடை ஒன்று இருக்கும். பெயர் 'ரொயாக்', பேச்சில் 'ரொக்'. தமிழனுக்கு விளக்கமே வேண்டாம், அது திண்ணை. நம் ஊர்த் திண்ணையில் வழிப்போக்கர்கள் படுத்தார்கள். ரொக்கில் 'அட்டா' நடந்தது. அட்டா என்றால் நோக்கம் இல்லாத பேச்சு. கால்பந்து, மார்க்ஸ், பக்கத்து வீட்டு வாடகைத் தகராறு, கிரேக்க நாடகம் எல்லாம் ஒரே மூச்சில் வரும். முடிவு எதுவும் எடுக்கக் கூடாது என்பது எழுதப்படாத விதி. சத்யஜித் ராயின் கடைசிப் படமான 'ஆகந்துக்'கில் (1991) அட்டா பற்றியே ஒரு நல்ல விவாதம் உண்டு. நாராயண் கங்கோபாத்யாய் படைத்த டெனிதாவும் அவனுடைய மூன்று சகாக்களும் பொட்டோல்டாங்காவில் ஒரு ரொக்கில் உட்கார்ந்து அளந்த அளப்பில் மூன்று தலைமுறைப் பிள்ளைகள் வளர்ந்திருக்கிறார்கள்.

வேலை போனவன், காதலில் தோற்றவன், பென்ஷனர் எல்லோருக்கும் ரொக்கில் இடம் உண்டு. காரணம் கேட்க மாட்டார்கள். இரண்டு நாள் வராவிட்டால்தான் கேட்பார்கள். மண் கோப்பையில் தேநீர் வரும். தேநீர் சாப்பாட்டுக் கணக்கில் சேராது என்பது வங்காளி சித்தாந்தம். இதை ஒரேயடியாகப் புகழ்ந்துவிடவும் முடியாது. ரொக் ஆண்களின் இடமாகவே இருந்தது. உள்ளே கழுவித் துடைத்துக்கொண்டிருந்தவளுக்கு அட்டாவில் பங்கில்லை. தெருவில் போகும் பெண்ணைக் கண்ணால் அளக்கும் ரொக்பாஜ்களைப் பற்றி அந்தப் பெண்களிடம் கேட்டால் வேறு வரலாறு கிடைக்கும். எப்படியானாலும் ரொக்கின் காலம் முடிந்துகொண்டிருக்கிறது. பழைய வீட்டை இடித்து நான்கு மாடி ஃப்ளாட் கட்டும்போது புரோமோட்டர் முதலில் விழுங்குவது அந்த இரண்டடி மேடையைத்தான். அது இருந்த இடத்தில் கார் நிறுத்தும் ஷட்டர். இடிக்காத வீடுகளிலும் யாரும் உட்காராதபடி கம்பி நட்டு வைக்கிறார்கள். அட்டா இப்போது டீக்கடை பெஞ்சுக்கும் பேட்டை கிளப்பின் காரம்போர்டுக்கும் குடிபெயர்ந்திருக்கிறது. காலேஜ் தெருவில் 1942 இல் காபி வாரியம் திறந்த காபி ஹவுஸில் மட்டும் ஒரு கோப்பைக்கு மூன்று மணி நேரம் நாற்காலி கிடைக்கிறது. அங்கே காபி சுமார்தான். காசு நாற்காலிக்கு.

பெண்களின் ஆறுதல் வேறு வழியில் ஓடியது. மத்தியானம் எல்லோரும் 'பாத்கும்' போடும் நேரம், அதாவது சோறு உண்ட மயக்கத் தூக்கம். ஈரத் தலையைத் தலையணையில் விரித்துப் போட்டு, பேட்டை நூலகத்திலிருந்து வந்த நாவலோடு படுத்துக்கொள்ளும் இரண்டு மணி நேரம் வீட்டுக்காரிக்குச் சொந்தம். சரத் சந்திரரைத் தமிழில் படித்து அழுத நம் பாட்டிகளுக்கு இந்தக் காட்சி அந்நியமாக இருக்காது. துர்கா பூஜைக்கு முன்னால் வரும் சிறப்பு மலர்கள் இந்த மத்தியானங்களுக்கான போனஸ். நம் தீபாவளி மலர் போலத்தான், ஆனால் ஒரே இதழில் பல முழு நாவல்கள் இருக்கும். ராயின் துப்பறியும் ஃபெலுடா பல தடவை முதலில் தலைகாட்டியது 'தேஷ்' பத்திரிகையின் பூஜை மலரில்தான். புடவைக்கு முன்பு மலர் வாங்கி ஒளித்துவைக்கும் குடும்பங்கள் இருந்தன. யார் முதலில் படிப்பது என்பதில் மாமியாரும் மருமகளும் மோதிக்கொண்டதாகக் கதைகள் உண்டு.

புத்தகத்துக்கு இந்த ஊர் பட்ட பாடு கொஞ்சமல்ல. 1976 இல் தொடங்கிய புத்தகக் கண்காட்சி பல வருஷம் மைதானத்தில் நடந்தது. 1997 இல் தீப்பிடித்து லட்சக்கணக்கில் புத்தகங்கள் சாம்பலாயின. சில நாட்களிலேயே கொட்டகைகள் மீண்டும் எழும்பின. வாங்கவே வேண்டும் என்று வீம்பாக வந்தவர்கள் பலர். சுற்றுச்சூழல் வழக்கு காரணமாக 2007 இல் கண்காட்சி மைதானத்தை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. அங்கும் இங்கும் அலைந்து 2018 முதல் சால்ட் லேக்கில் நடக்கிறது. கூட்டம் குறையவில்லை. ஆனால் ஆபீஸ் முடிந்து எஸ்பிளனேடிலிருந்து நடந்தே போய், ஒன்றும் வாங்காமல் தூசியை மட்டும் முகர்ந்துவிட்டு வரும் சுகம் போய்விட்டது. அம்பான் புயலின் மறுநாள் காலேஜ் தெருவில் பழைய புத்தகங்கள் தண்ணீரில் மிதந்த படங்களைப் பார்த்து, அந்தத் தெருவை விட்டுப் பல வருஷம் ஆனவர்களும் கடைக்காரர்களுக்குப் பணம் திரட்டினார்கள்.

வாங்குவதே ஆறுதல் என்று இருப்பவர்களுக்கு கரியாஹாட் இருக்கிறது. வங்காளி வருஷத்தின் கடைசி மாதமான சைத்ரத்தில், மார்ச் நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை, 'சைத்ர சேல்'. நடைபாதைக் கடைகளில் படுக்கை விரிப்பு, நைட்டி, கண்ணாடி வளையல், ஒற்றைக் காதணி. கடைக்காரர் ஐந்நூறு என்பார், அம்மாள் நூற்றைம்பது என்பாள், இருவருக்கும் தெரியும் இருநூறில் முடியும் என்று. பாதிப் பேர் பேரம் முடிந்ததும் வாங்காமலே போய்விடுவார்கள். 1996 இல் 'ஆபரேஷன் சன்ஷைன்' என்று பெயர் சூட்டி அரசு இந்தக் கடைகளை இரவோடு இரவாக அகற்றிப் பார்த்தது. அவை திரும்ப வந்துவிட்டன.

இசையை விட்டுவிட முடியாது. மாலையில் எந்தத் தெருவில் போனாலும் ஏதாவது ஒரு வீட்டில் ஆர்மோனியத்தின் துருத்தி மூச்சு விடும். ரவீந்திரர் எழுதிய பாடல்கள் இரண்டாயிரத்துக்கு மேல். மழைக்கு, பிரிவுக்கு, காரணமில்லாத சோகத்துக்கு என்று தனித்தனி. வேடிக்கை என்னவென்றால் ரவீந்திரருக்கு ஆர்மோனியமே பிடிக்காது. 1940 இல் ஆல் இந்தியா ரேடியோ அதைத் தடை செய்ததற்கு அவருடைய எதிர்ப்பும் ஒரு காரணம். தடை 1971 வரை இருந்தது. வங்காளிப் பெண்கள் தடையைப் பற்றி நினைக்காமல் அவர் பாட்டை அதே பெட்டியில் பாடிக்கொண்டிருந்தார்கள்.

கால்பந்தைப் பட்டியலில் சேர்க்கலாமா என்பது சந்தேகம். மோகன் பகான் ஜெயித்தால் இறால், ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் ஹில்சா மீன் என்று அதுவும் கடைசியில் சமையலறைக்குத்தான் போகிறது. விடுமுறைக்கு 'தீ-பு-தா': தீகா, புரி, தார்ஜிலிங். மூன்றிலும் பக்கத்து மேஜையில் கல்கத்தாவின் அதே பேட்டைக்காரர் உட்கார்ந்திருப்பார்.

ஆனால் இந்த ஊரின் ஆறுதல்களில் தலையானது வருஷத்துக்கு ஒரே ஒரு தடவை, விடியற்காலை நான்கு மணிக்குக் கிடைக்கிறது. மகாளய அமாவாசை அன்று ரேடியோவில் 'மகிஷாசுரமர்த்தினி'. வாணீகுமார் எழுதி, பங்கஜ் மல்லிக் இசையமைத்து, பீரேந்திர கிருஷ்ண பத்ர சண்டி பாராயணம் செய்த நிகழ்ச்சி. 1930களின் தொடக்கத்திலிருந்து வருகிறது. பூஜைக்கு ஏழு நாள் இருக்கிறது, அம்மா வீட்டுக்கு வரப் போகிறாள் என்று அந்தக் குரல் சொல்லும்போது கடவுள் நம்பிக்கை இல்லாத கம்யூனிஸ்டுகளின் வீட்டிலும் விளக்கு எரியும். 1976 இல் ரேடியோ அதிகாரிகளுக்கு ஒரு யோசனை தோன்றியது: பழைய குரலை எடுத்துவிட்டு, வங்கத் திரையின் நாயகன் உத்தம் குமாரைக் கொண்டு புதிதாக ஒரு நிகழ்ச்சி. ஹேமந்த முகர்ஜியின் இசை வேறு. ஊரே கொதித்துப்போனது. நெருக்கடி நிலை அமலில் இருந்த வருஷம் என்பதை மறக்கக் கூடாது. அப்போதும் ஜனங்கள் திட்டித் தீர்த்தார்கள். பழைய நிகழ்ச்சி திரும்பி வந்தது. பத்ர 1991 இல் காலமானார். குரல் இன்றும் வருகிறது. எந்த நேரமும் யூடியூபில் கேட்கலாம். ஆனாலும் மகாளயத்துக்கு முந்தின வாரம் பரணிலிருந்து டிரான்சிஸ்டரை இறக்கித் தூசி தட்டி, பழுதுபார்க்கும் கடையில் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். பக்கத்து வீட்டில், எதிர் வீட்டில், தெருக்கோடியில் எல்லாம் ஒரே நேரத்தில் ஒலித்தால்தான் அது மகாளயம்.

டிராமுக்கும் ரொக்குக்கும் இந்த ரேடியோவுக்கும் ஒரு ஒற்றுமை. எதையும் தனியாக வீட்டுக்கு வாங்கிப் போக முடியாது. ரசகுல்லாவை டப்பாவில் அடைத்து விமானத்தில் ஏற்றலாம், சான்று வாங்கலாம், ஒரு தினமும் வைக்கலாம். இனிப்புக் கடைகள் சர்க்கரை இல்லாத சந்தேஷ் என்று தனி அலமாரியே வைத்துவிட்டன. நோயாளியும் வாடிக்கையாளராகவே இருக்க வழி பிறந்துவிட்டது. ஜன்னலோர இருக்கைக்கும் வாசல் மேடைக்கும் அப்படி வாதாட வியாபாரிகள் யாரும் இல்லை. டிராம் நஷ்டத்தில் ஓடுகிறது என்று கணக்குக் காட்டும் அரசு, அதில் ஏறி இறங்காமல் திரும்பி வந்த ஆளுக்கு என்ன லாபம் என்று எந்தப் பத்தியிலும் எழுதுவதில்லை. சர்க்கரைக்காரருக்கு நடக்கச் சொல்லும், கவலையைக் குறைக்கச் சொல்லும் ஊர், அதற்கான இடங்களைச் சாலை அகலத்துக்கும் ஷட்டருக்கும் கொடுத்துக்கொண்டே போகிறது.

அந்த வகையில் ரவீந்திர சரோவர் தப்பித்தது அதிர்ஷ்டம். 1920களில் நகர மேம்பாட்டு டிரஸ்ட் சதுப்பு நிலத்தைத் தோண்டி உண்டாக்கிய ஏரி. 73 ஏக்கர் தண்ணீர். 1958 இல் ரவீந்திரர் பெயர் வைத்தார்கள், ஊருக்கு இன்னமும் 'லேக்' தான். படகுப் போட்டிக் கிளப்கள், குளிர்காலத்தில் வந்து தங்கும் பறவைகள், கரையோரம் ஒரு ஜப்பானியப் பௌத்தக் கோயிலின் முரசு. காலை ஐந்தரைக்கே குரங்குக் குல்லாயும் மப்ளருமாக (வெப்பநிலை இருபதுக்குக் கீழே போய்விட்டால் வங்காளி தலையை மூடிக்கொள்வார்) நடைக்காரர்கள் வந்துவிடுகிறார்கள். சுற்று முடிந்ததும் பெஞ்சில் உட்கார்ந்து வெறும்வயிற்றுச் சர்க்கரை அளவை ஒப்பிட்டுக்கொள்கிறார்கள். பிறகு அட்டா. ரொக்கை இழந்தவர்களில் பலர் இங்கே வந்து சேர்ந்திருக்கிறார்கள். இங்கே பெண்களும் உட்காருகிறார்கள், உரக்கப் பேசுகிறார்கள், சிரிக்கிறார்கள். பழைய ரொக்கில் இது நடந்திருக்காது.

ஏரிக்கு வடக்கே கொஞ்ச தூரத்தில் லேக் மார்க்கெட். ஆபீஸ் வேலைக்கு வந்து மூன்று தலைமுறையாகத் தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்களின் பேட்டை. வாழையிலை, அப்போதுதான் அரைத்த காப்பிப் பொடி, முருங்கைக்காய் எல்லாம் கிடைக்கும். நடை முடித்துத் திரும்பும் தமிழ்ப் பெண்கள் இங்கே நின்று மல்லிகைச் சரம் வாங்குகிறார்கள். முழக் கணக்கில், வங்க மொழியில் பேரம் பேசி. பக்கத்தில் இனிப்புக் கடைக்காரர் அப்போதுதான் கதவைத் திறந்து முதல் தட்டை அடுக்கிக்கொண்டிருப்பார்.